தைராய்டு மாத்திரை போட்டும் எடை குறையலையா? முதலில் காலைக் காபியைக் கவனியுங்கள்

தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை ஏறும், உண்மைதான். ஆனால் அந்தக் குறைபாட்டால் மட்டும் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 4.5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை இறக்குவது அதைத்தான். 15 கிலோ ஏறியிருந்தால் மிச்சத்தைச் சாப்பாட்டிலும் நடையிலும்தான் குறைக்க வேண்டும். மெலியவில்லையே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

படி 1: மாத்திரை

எல்ட்ராக்சின், தைரோநார்ம் எல்லாமே லெவோதைராக்சின்தான். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ, பால், டிபன் எதுவும் வேண்டாம்.

பலருக்குச் சறுக்குவது இங்கேதான். மாத்திரையை வாயில் போட்ட கையோடு டிகாக்‌ஷனைக் கலந்து குடித்துவிடுகிறார்கள். காபி, மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். டாக்டர் 75 மைக்ரோகிராம் எழுதியிருந்தால் அது முழுதாக ரத்தத்தில் சேராது. பிறகு ‘மாத்திரை வேலை செய்யலை’ என்று டோஸ் ஏறிக்கொண்டே போகும்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். மருந்தை அடுப்பருகிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் போய்விடும்.

படி 2: டிஎஸ்எச்

டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் இது ஏறும், மருந்து சரியாகச் சேர்ந்தால் இறங்கும். மருந்து தொடங்கியோ டோஸ் மாற்றியோ 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் இந்தப் பரிசோதனை. அதற்குமுன் எடுத்தால் மருந்தின் முழுப் பலன் தெரியாது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் வைட்டமின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்க 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். ரிப்போர்ட்டையே அது தப்பாகக் காட்டிவிடும்.

சீக்கிரம் மெலிய நீங்களாகவே டோஸைக் கூட்டாதீர்கள். படபடப்பு வரும், எலும்பு தேயும், கொழுப்போடு தசையும் கரையும்.

படி 3: தட்டு

ஒரு வாரம் சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். டம்ளருக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு 3 டம்ளர் காபி என்றால் சர்க்கரையிலேயே ஏறத்தாழ 100 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. செக்கு எண்ணெயானாலும் அதே கணக்குதான். தாளிப்புக்கு ஊற்றுவதைக் கண்ணளவில் விடாமல் கரண்டியால் அளந்தாலே வித்தியாசம் தெரியும்.

மதியம் ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகப் பொரியல், கூடவே சுண்டல், முட்டை அல்லது குழம்பு மீன். பட்டினி வேண்டாம், தசைதான் கரையும். முட்டைகோஸ் தைராய்டைக் கெடுக்கும் என்று பயப்படவும் வேண்டாம். அயோடின் உப்பு போட்டு, வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிட்டால் கெடுதல் இல்லை.

படி 4: நடை

டிஎஸ்எச் இறங்காதபோது தசைவலியும் சோர்வும் இருக்கும். 10 நிமிட நடையில் தொடங்கி, வாரம் 5 நாள் அரை மணி நேரத்துக்கு மெல்லக் கொண்டுவாருங்கள். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 முறை. இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் எடையைக் குறைக்க முயலவே கூடாது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக் கடன் முடித்தபின் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். கணிசமாகக் குறைந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லி டிஎஸ்எச் எடுங்கள். பழைய டோஸ் அப்போது கூடுதலாகிவிடலாம்.