ஒரு சிறுவர் இல்லத்தின் வரலாற்றை எழுதத் தொடங்குவது எப்படி?

முதலில் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, அவ்வில்லம் எந்தச் சட்டத்தின் கீழ் இயங்கியது என்பதைக் கண்டறிய வேண்டும். மாகாண அளவில் இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் சென்னையில்தான் இயற்றப்பட்டது. பின்னர் வங்காளமும் பம்பாயும் தொடர்ந்தன. ஆதலால் அக்கால அரசாணைகளைத் தேட, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே நல்ல தொடக்கம்.

பதிவேடுகளைப் படிக்கையில் சொற்களைக் கவனியுங்கள். ஆண்டு கிழிந்துபோன தாளின் காலத்தைக்கூட அவை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 1986ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் வீடற்றுத் திரிந்த சிறாரைப் ‘புறக்கணிக்கப்பட்ட இளஞ்சிறார்’ என்று வகைப்படுத்தி, இளஞ்சிறார் நல வாரியத்தின் முன் நிறுத்தச் சொன்னது. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ அவர்களைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றழைத்து, அப்பொறுப்பைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தது. பெயர் மாறிய அளவுக்கு நடைமுறையும் மாறியதா என்பதே, என் கருத்தில், ஆய்வாளர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி.

1996இல் மும்பையில் தொடங்கிய, குழந்தைகளுக்கான 1098 தொலைபேசி உதவிச் சேவைக்குப் பிந்தைய காலமெனில், குழந்தைகள் இல்லத்துக்கு வந்த வழியையும் விசாரியுங்கள். அங்கு வாழ்ந்தவர்களின் நினைவுகளை அவர்கள் இசைவுடன் மட்டுமே பதியுங்கள். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது.