சிறு செலவில் ஹெட்ஃபோன் ஒலியை மேம்படுத்தும் முறை

பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி, வீட்டில் ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதை மேம்படுத்த நினைப்பவர்களில் பலர் முதலில் ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) தேடுகிறார்கள். காதுக்கு மிக அருகில் இருக்கும் பொருளுக்கே பணம் முதலில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹெட்ஃபோனுக்கு ஹெட்ஃபோன் ஒலி மாறும் அளவுக்கு, ஒழுங்காகச் செய்யப்பட்ட இரண்டு ஆம்ப்களுக்கு இடையே மாறுவதில்லை.

ஆகவே, இப்போது கையில் இருக்கும் ஹெட்ஃபோனின் மெத்தையை முதலில் பாருங்கள். சில ஆண்டுகள் உழைத்த மெத்தையின் செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து, கறுப்புச் செதில்களாகக் காதோரம் ஒட்டும். உள்ளிருக்கும் ஸ்பாஞ்சும் அமுங்கிப் போயிருக்கும். வெளிப்புறம் அடைக்கப்பட்ட மூடிய வகை ஹெட்ஃபோனில் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே காற்று கசிந்தால், முதலில் குறைவது பேஸ் எனும் தாழ்ந்த, கனத்த ஒலிதான். மிருதங்கம் தெளிவாக ஒலிக்கும் ஒரு பதிவை ஓடவிட்டு, இரு பக்கங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் நாதம் சட்டென்று கனத்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றியும் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுவதும் இதே விளைவைத் தரும்.

புது மெத்தை வாங்கும்போது பழையதன் தடிமனும் துணி அல்லது தோல் வகையும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை மாறினால் ஒலியும் மாறும். ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் போன்றவற்றில், மெத்தையின் பின்புற மடிப்பு விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். ஒரேயடியாக இழுத்து மாட்டினால் கிழியும். மடிப்பை ஓரிடத்தில் செருகிக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மெத்தையை மெதுவாகச் சுழற்றி வந்தால் மீதியும் பள்ளத்தில் இறங்கிவிடும்.

அடுத்தது காசே செலவாகாத வேலை. விண்டோஸ் கணினியில் ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவி, பல ஹெட்ஃபோன்களுக்கான திருத்த அளவுகளை இணையத்தில் இலவசமாகத் தரும் ஆட்டோஈக்யூ திட்டத்தில் உங்கள் மாடலுக்கு உரியவற்றை ஏற்றுங்கள். எந்தப் பகுதியையாவது 5 டெசிபல் உயர்த்தினால், அதே மென்பொருளில் மொத்த ஒலியளவை மாற்றும் ப்ரீஆம்ப் அளவை அதே 5 டெசிபல் குறைக்க வேண்டும். இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி சிதையும்.

இதற்குப் பிறகும் நிறைவில்லை என்றால் புது ஹெட்ஃபோன் வாங்கலாம். பிலிப்ஸ் எஸ்எச்பி9500 போன்ற, வெளிப்புறம் காற்றுப் புகும்படி இருக்கும் திறந்த வகையில் குரல் தலைக்குள் அடைபடாமல் விரிந்து ஒலிக்கும். தம்புராவின் சுருதி பாடகரைச் சூழ்ந்து நிற்பதை அதில் கேட்பது தனி இன்பம். ஆனால் மின்விசிறியின் இரைச்சல் அப்படியே உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். ஒரே அறையில் மூவர் உறங்கும் வீட்டுக்கு மூடிய வகையே ஏற்றது.

ஆம்ப் தேவையா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். யூஎஸ்பி துளையில் செருகி ஹெட்ஃபோனை இணைக்கும் சிறு கருவியான டாங்கிள் சாதாரணமாக 1 வோல்ட் தருகிறது என்றால், அது 32 ஓம் (மின்தடை அளவு) ஹெட்ஃபோனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் கொடுக்கும்; 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்டி 600க்கு அதே டாங்கிளால் 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான் கொடுக்க முடியும். குறைந்த ஓம் உள்ள, எளிதில் உரக்க ஒலிக்கும் ஹெட்ஃபோனை வாங்கியவருக்கு யூஎஸ்பி டாங்கிளே பெரும்பாலும் போதும். குறைந்த ஒலியில் பதிவான கச்சேரியும் முக்கால்வாசி வால்யூமில் போதிய அளவு கேட்கிறது என்றால், ஆம்ப்புக்கு வைத்திருந்த பணத்தைத் தொடாதீர்கள். கணினியின் ஜாக்கில் சிறு இரைச்சலோ, மவுஸை நகர்த்தும்போது கீச்சொலியோ கேட்டால் மட்டும் தயங்காமல் டாங்கிளுக்கு மாறுங்கள்.

வாங்கிய பொருளைப் பழையதுடன் ஒப்பிடும்போது, இரண்டின் ஒலியளவையும் இயன்றவரை சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே, உரக்கக் கேட்பது தெளிவாகக் கேட்பதாகத் தோன்றும். அதே பாட்டின் அதே முப்பது விநாடிகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பொருளைக் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.