போலாரிமீட்டர்ல எல்லாரும் சறுக்குற இடங்கள்

போலாரிமீட்டர்னா, ஒரு கரைசல் தளவிளைவுற்ற ஒளிய எத்தனை டிகிரி திருப்புதுன்னு அளக்குற மெஷின். பிஎஸ்சி லேப்ல அதுல சர்க்கரைக்கு ஸ்பெசிபிக் ரொட்டேஷன் (அந்த பொருளுக்கே உரிய திருப்பும் அளவு) பாத்தப்போ எனக்கு 6.65னு வந்துச்சு, புக்ல +66.5. மெஷின் ரிப்பேர்னு சார்கிட்ட போய் நின்னேன், அவரு நோட்ட வாங்கி ட்யூப் நீளத்த மட்டும் வட்டம் போட்டு திருப்பி குடுத்துட்டாரு. 20 சென்டிமீட்டர் ட்யூபுக்கு 20னே போட்டிருக்கேன்! ரீடிங்க நீளமும் கான்சன்ட்ரேஷனும் பெருக்கி வர்றதால வகுக்குறதுதான் ஃபார்முலா, அதுல நீளம் டெசிமீட்டர்ல போகணும், அதாவது 2. கான்சன்ட்ரேஷனும் ஒரு மில்லிக்கு எத்தனை கிராம்னு போகணும், 10 கிராம கரைச்சு 100 மில்லியாக்கினா 0.1, இப்ப 13.3 டிகிரி ரீடிங்க 0.2ஆல வகுங்க, 66.5 வந்துரும்.

அடுத்தது கண்ணு வச்சு பாக்குற இடம். ஐபீஸ்ல தெரியுற வட்டம் ரெண்டு பாதியா பிரிஞ்சிருக்குற ஹாஃப் ஷேட் மாடல்ல ரெண்டு பாதியும் ஒரே மாதிரி தெரியுற பொசிஷன் ரெண்டு இருக்கு, ஒண்ணு மங்கலா, இன்னொண்ணு பளிச்னு. பளிச்னு இருக்குறது கண்ணுக்கு சுகமா இருக்கேன்னு பல பேரு அதுலயே ரீடிங் எடுத்துடுவாங்க, ஆனா அங்க ரெண்டு மூணு டிகிரி திருப்பினாலும் வித்தியாசமே தெரியாது. மங்கல்ல வச்சா லேசா அசைச்சாலே ஒரு பக்கம் வெளுக்கும், அதுதான் வேணும். சோடியம் லேம்ப் நல்லா மஞ்சளாகுற வரைக்கும் பொறுங்க, வெறும் தண்ணிக்கு ஸீரோ ரீடிங் எடுங்க, ட்யூப்ல குமிழி இருந்தா ட்யூப்லயே இருக்குற புடைப்புக்குள்ள தள்ளி விடுங்க.

குளுக்கோஸ்ல இன்னொரு கூத்து. அப்பதான் கரைச்ச ஆல்பா குளுக்கோஸ் +112 கிட்ட காட்டும், அப்புறம் மெதுவா இறங்கி +52.7ல போய் நிக்கும், ஆல்பா கொஞ்சம் பீட்டா வடிவமா மாறி சமநிலைக்கு வர்ற இதுதான் மியூட்டாரொட்டேஷன், ஆனா நாம ஸ்க்ரூ லூஸுன்னு மெஷின தட்டிக்கிட்டு இருப்போம். அவசரம்னா ரெண்டு சொட்டு அம்மோனியா விட்டா சீக்கிரம் நின்னுடும்.

Dன்னு பேர்ல இருந்தா வலது பக்கம்தான் திருப்பும்னு வைவால சொல்லிடாதீங்க, D-ஃப்ரக்டோஸ் −92, இடது பக்கம். R, Sன்னு மூலக்கூறோட அமைப்ப வச்சு குடுக்குற பேரு கதையும் அதேதான், S-லாக்டிக் ஆசிட் பிளஸ், அதையே சோடியம் உப்பாக்கினா மைனஸ், கைரல் கார்பன்ல (நாலு வேற வேற குரூப் ஒட்டியிருக்குற கார்பன்) எதுவும் மாறல. அதே மாதிரி ரீடிங் ஸீரோன்னா கைரல் இல்லன்னு அர்த்தமில்ல, ரெண்டு கண்ணாடி பிம்பமும் சரிபாதியா கலந்திருந்தாலும் ஸீரோதான். 180 டிகிரி தள்ளியும் அதே காட்சிதான் தெரியும், அதனால +170ஆ −10ஆன்னு குழப்பம் வந்தா பாதியா டைல்யூட் பண்ணி பாருங்க, +85 வருதா −5 வருதான்னு தெரிஞ்சிடும்.

கடைசியா நம்ம சர்க்கரை இன்வெர்ஷன் ப்ராக்டிகல், அதாவது சர்க்கரைய ஆசிட் விட்டு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு உடைக்கிறது. ஆசிட் சேத்ததும் ரீடிங் இறங்கி ஸீரோ வந்தவுடனே ரியாக்ஷன் முடிஞ்சுதுன்னு அத இன்ஃபினிட்டி ரீடிங்கா எழுதிடுவாங்க, ஆனா ஸீரோ போற வழியில சும்மா கடந்து போற இடம். ஃப்ரக்டோஸோட மைனஸ் குளுக்கோஸோட பிளஸ்ஸ ஜெயிக்கிறதால முழுசா முடிஞ்சா மைனஸ்லதான் நிக்கும், அதனாலதான் பேரே இன்வெர்ஷன். மறுநாள் வரைக்கும் வச்சிருந்து எடுக்கலாம், டைம் இல்லாதவங்க வாட்டர் பாத்ல சூடு பண்ணி, திரும்ப ரூம் சூட்டுக்கு ஆறவிட்டு எடுப்பாங்க, ரொம்ப கொதிக்க விட்டா கரைசல் பழுப்பாயிடும், அப்புறம் ஐபீஸ் வழியா ஒண்ணுமே தெரியாது.