குணம் மாற வேண்டும் என்று ஜெபிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீஷத்துவப் பயிற்சிக்கு, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழக் கற்கும் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்காரும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். ஜெபிக்காமல் விடுவது, வேதம் வாசிக்காமல் விடுவது பற்றி இங்கே எழுதவில்லை. ஒழுங்காக ஜெபித்து, ஒழுங்காக வாசித்து, அப்புறமும் பழைய ஆளாகவே இருக்கிறவர்களுக்காக இது.

தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்வது

எனக்கு இன்றும் பொறுக்க முடியாதது இதுதான். ஒரு சகோதரர், வீட்டில் கடுங்கோபக்காரர். ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு அறிக்கையிட்டு, கர்த்தர் தன்னை மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அவருடைய மனைவியும் அங்கேதான் இருந்தார். பிறகு அவரிடம் பேசியபோது, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலைங்க" என்றார். அதன்பின் அதே கோபம், அதே கண்ணீர், அதே சாட்சி. அப்பா ஜெபிக்க ஆரம்பித்தாலே பிள்ளைகள் எழுந்து போகும் அளவுக்கு வந்துவிட்டது.

இதைச் சொன்னால் 51ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள்: "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து." தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவரைக் கொல்லவும் வைத்தவர்; அப்படி ஜெபித்தபோது உரியா உயிரோடு இல்லை. உங்கள் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறார்.

லேவியராகமம் 6இல், பிறனை வஞ்சித்தவன் குற்றநிவாரண பலி செலுத்தும் நாளில், எடுத்ததைத் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். இயேசு இன்னும் கண்டிப்பாகச் சொன்னார்: சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு (மத்தேயு 5:23-24). வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருவதாகச் சொன்னதும் யாரும் கட்டாயப்படுத்தி அல்ல.

குணமாற்றத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? கூட்டத்தில் அழுதால் பாராட்டுதான் கிடைக்கும். பெருமைக்கு ஒரு கீறலும் விழாது. நம்மால் காயப்பட்டவரின் முகத்தைப் பார்த்துப் பேசும்போதுதான் நம் கோபம் என்ன செய்திருக்கிறது என்று தெரியும். அடுத்த முறை குரல் உயரும்போது அந்த முகம் நினைவுக்கு வரும்.

சரி, எப்படிக் கேட்பது? செய்ததை அப்படியே சொல்லுங்கள். "உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள், "ஆனா நீயும்" என்று முடிக்காதீர்கள். வசனம் காட்டி மன்னிக்க வைக்காதீர்கள். அது இரண்டாவது காயம். உங்களைக் கண்டாலே பயப்படுகிறவர் முன் போய் நிற்க வேண்டாம். அவர் விரும்பினால் மட்டும், அவர் நம்பும் ஒருவர் மூலமாகக் கேளுங்கள். அவருக்கே தெரியாத உங்கள் பொறாமையை எல்லாம் அவர் தலையில் கொட்டவும் வேண்டாம். அதைத் தேவனிடம் சொன்னால் போதும்.

ஆவியின் கனி ஒன்பதையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்ப்பது

அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று கலாத்தியர் 5 சொல்லும் ஒன்பது குணங்களையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த வழி எளிமையானது. ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதைக் குறித்துத் தீர்மானம். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை முறை விழுந்தோம் என்று கணக்கு. எந்தச் சபையைச் சேர்ந்தவர்களும் செய்யலாம். எதை எடுப்பது என்று குழம்பினால் வீட்டில் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

"ஆவியானவர் பார்த்துக்கொள்வார்" என்று சும்மா இருப்பது

"அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்", அதாவது முழு முயற்சியோடு, விசுவாசத்தோடு நற்குணங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் பேதுரு (2 பேதுரு 1:5).

"என் சுபாவமே இப்படித்தான்"

மேலதிகாரியிடம் அந்தச் சுபாவம் ஏன் வெளியே வருவதில்லை?

திரும்ப விழுந்ததும் எல்லாமே பொய் என்று விட்டுவிடுவது

முற்றத்தில் ஒரு வேலைக்காரிக்குப் பயந்து ஆண்டவரை மறுதலித்த பேதுரு, ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்தார். பிறகு அந்தியோகியா பட்டணத்தில் மறுபடியும் மனிதருக்குப் பயந்து, புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). அதே பலவீனம், அதுவும் ஆவியைப் பெற்ற பிறகு. அதற்காகப் பேதுரு ஓடிப்போய்விடவில்லை. பிற்பாடு தன் நிருபத்தில் பவுலை "நமக்குப் பிரியமான சகோதரன்" என்றே எழுதுகிறார். உங்களுக்கும் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால், இந்த வாரமே ஒருவரிடம் போய், "நான் தப்புப் பண்ணும்போது சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.