எழுதிய இலக்கு நோட்டிலேயே தங்கிவிடாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகளாக மாலை வேளைகளில் கணக்குச் சொல்லித்தருகிறேன். வந்து சேரும் முதல் வாரத்திலேயே, அடுத்த ஓராண்டுக்குள் வேலையிலும் வீட்டிலும் எதையெல்லாம் அடைய விரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வது என் வழக்கம். எழுத யாரும் தயங்குவதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே நோட்டைக் கொண்டுவரச் சொன்னால், பலருக்கு அது எங்கே கிடக்கிறது என்றே தெரிவதில்லை. அவர்களுடைய உழைப்பில் குறையில்லை, எழுதிய விதத்தில்தான் குறை என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, ஆசையை எழுதிவிட்டு அதையே இலக்கு என்று நம்புவது. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு மாணவர், நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு ஓரங்களிலும் சிவப்பு மையால் கோடு போட்டு, நடுவில் 'குரூப் 4 தேர்வில் வென்றே தீருவேன்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். மற்றப் பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அந்த வரியில் அவருடைய உறுதி தெரிந்ததே தவிர, மறுநாள் காலையில் எந்தப் புத்தகத்தை எடுப்பார் என்பது தெரியவில்லை. அந்தத் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள்; சரிபாதி வினாக்கள் தமிழிலிருந்து வருகின்றன; தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதையெல்லாம் அருகில் உட்கார்ந்து பேசியபின், 'ஆடி முடிவதற்குள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை ஒருமுறை முடிப்பேன். தினமும் பத்துத் திறனறிவுக் கணக்குகள். ஞாயிறுதோறும் ஒரு பழைய வினாத்தாளை 3 மணி நேரம் வைத்து எழுதிப் பார்ப்பேன்' என்று அவரே மாற்றி எழுதினார். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: 'முடிந்த அளவு செய்' என்று பொதுவாகச் சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவானதும் சற்றே கடினமானதுமான இலக்கைப் பெற்றவர்கள் கூடுதலாகச் செய்துமுடிக்கிறார்கள்.

அடுத்தது, நம் கையில் இல்லாததை எழுதிவைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் மனம் வருந்துவது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர், தை மாதம் பூ பிடிக்கும்போதே 'இந்த வருடம் தோப்பில் இரண்டு லட்சம்' என்று டைரியில் எழுதிவிடுவார். பெங்களூரா மாங்காய்க்கு மாங்கூழ் தொழிற்சாலைகளும் மண்டியும்தான் விலை வைக்கின்றன. பூவும் பிஞ்சும் நிற்பது வானிலையைப் பொறுத்தது. அதோடு, ஓர் ஆண்டு நிறையக் காய்த்த மா மறு ஆண்டு குறைத்துக் காய்ப்பதும் இயல்பு. எனவே தொகை கிடைக்காத ஆண்டுகளில் தம்மீதே அவருக்கு வெறுப்பு வந்தது. இப்போது அவர் எழுதுவது வேறு: அறுப்பு முடிந்ததும் எந்த வாரத்தில் கவாத்து, எப்போது எரு, காய் முற்றுவதற்கு முன் பழ ஈப் பொறிகளை எந்தத் தேதியில் கட்டுவது. இவை ஒவ்வொன்றையும் செய்தேன், செய்யவில்லை என்று அவரால் நேர்மையாகக் குறிக்க முடிகிறது. தொகையை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

எப்போது, எங்கே என்பதை விட்டுவிடுவதும் பெரிய தவறு. எழுதுபவர்களும் கடிகார நேரத்தை மட்டும் எழுதுகிறார்கள். இங்கிருந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பலருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். 'தினமும் காலை 6 மணிக்கு நடைப்பயிற்சி' என்று எழுதியவருக்கு, அந்த நேரத்தில் ஷிப்ட் தொடங்கும் முதல் வாரத்திலேயே அது முறிந்துவிடுகிறது. மாறாக, 'கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு நேராகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போவேன்' என்று எழுதினால், எந்த ஷிப்ட் ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கித்தானே ஆக வேண்டும்? 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு செயலை ஒரு சூழலோடு கட்டிவைப்பவர்கள் கூடுதலாகச் செய்துமுடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதினார்.

சொந்த வாழ்க்கையின் இலக்குகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவது நானே செய்த தவறு. என் நோட்டில் வேலை தொடர்பானவை தேதியோடு முன்பக்கத்தில் இருந்தன; பின்பக்கத்தில் 'அம்மாவின் கண்ணைக் கவனிக்க வேண்டும்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. தேதி போடாத அந்த வரி, புது நோட்டு வாங்கும்போதெல்லாம் அப்படியே அடுத்த நோட்டுக்கு மாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கண்புரை அறுவைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் யார் வருகிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் இவ்வளவு நாளும் அறிந்துகொண்டதாக அம்மா மருத்துவரிடம் சொன்னார். அன்றிலிருந்து வீட்டு இலக்குகளுக்கும் தேதி போடுகிறேன், அதுவும் முன்பக்கத்தில்.

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதையையும் நம்ப வேண்டாம். 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதிவைத்த 3 சதவீத மாணவர்கள், பின்னாளில் மற்ற அனைவரையும்விடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்பது அந்தக் கதை. அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. கெய்ல் மேத்யூஸ் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு உண்மையானது. அதில் 149 பேர் இறுதிவரை பங்கெடுத்தார்கள். மனத்தில் மட்டும் நினைத்தவர்களைவிட எழுதியவர்கள் கூடுதலாகச் சாதித்தார்கள். வாரந்தோறும் ஒரு நண்பருக்குத் தம் முன்னேற்றத்தை எழுதி அனுப்பியவர்கள் எல்லோரையும் மிஞ்சினார்கள். இதைப் படித்துவிட்டு, இலக்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு ஊருக்கே சொல்ல வேண்டியதில்லை. பிறர் பாராட்டும்போதே பாதி சாதித்துவிட்ட நிறைவு வந்துவிடக்கூடும். தவறாமல் கேட்கும் ஒருவர் போதும்.

நோட்டா, போனா என்பது அவரவர் வசதி. ஆனால் மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்; தவறிய இலக்கைக் கண்டு வெட்கப்பட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, ஏன் தவறியது என்பதை ஓரத்தில் எழுதினால், அடுத்த முறை எவ்வளவு நாள் ஒதுக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும். பாலக்கோட்டு மாணவரின் நோட்டில் 'ஆடி முடிவதற்குள்' என்பது அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், 'அக்கா கல்யாணம், பதினைந்து நாள் படிக்கவில்லை' என்று பென்சிலில் ஒரு குறிப்பு. அதன் கீழே, ஆவணியில் ஒரு தேதி.