யாரைத் தடுக்க இந்தப் பூட்டு? கண்துடைப்புக் காவலில் நாம் செய்யும் தவறுகள்

அலுவலகக் கட்டடங்களின் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். கூடவே நூலில் கட்டிய பேனா. பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு, கையெழுத்து. 'என்ன வேலையாக' என்ற கட்டத்தில் காலையில் முதலில் வந்தவர் 'சொந்த வேலை' என்று எழுதியிருப்பார். பக்கம் முடியும்வரை மற்றவர்கள் அதற்குக் கீழே மேற்படிக் குறி போட்டிருப்பார்கள். காவலாளி அதைப் படிப்பதில்லை. படித்தாலும் சரிபார்க்க அவரிடம் வழி ஏதும் இல்லை. திருட வருகிறவன் வாயில் வந்த பெயரை எழுதிவிட்டு ஜம்மென்று உள்ளே போகலாம். உண்மையான பெயரையும் எண்ணையும் எழுதியவர்களின் விவரம்தான், அடுத்து வருகிற யாரும் படம் பிடித்துக்கொள்ளும்படி விரிந்து கிடக்கிறது.

ஆக, அந்த நோட்டு தடுக்க வேண்டியவனைத் தடுக்கவில்லை. நேர்மையானவருக்குப் புதிதாக ஓர் ஆபத்தையும் கொடுத்துவிட்டது. பாதுகாப்புத் துறையில் பல காலமாக எழுதிவரும் புரூஸ் ஷ்னையர் இந்த வகைக்குப் 'பாதுகாப்பு நாடகம்' என்று பெயர் வைத்தார். வீடோ அலுவலகமோ இணையக் கணக்கோ, எங்கே பார்த்தாலும் இந்த நாடகம் நடக்கிறது. நாமே நடத்துவதும் உண்டு. எந்த ஏற்பாட்டைச் செய்வதற்கு முன்பும் 'இது யாரைத் தடுக்கும்?' என்று கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். கேட்காமல் விடும்போது வரும் தவறுகளைப் பார்ப்போம்.

போன முறை வந்த ஆபத்துக்கு இந்த முறை காவல்

2001 டிசம்பரில் ரிச்சர்ட் ரீட் என்பவர் காலணிக்குள் வெடிமருந்தை ஒளித்துக்கொண்டு விமானம் ஏறினார். பற்றவைக்க முயன்றபோது ஊழியர்களும் பயணிகளும் அவரை அமுக்கிப் பிடித்தார்கள். அந்த ஒரு சம்பவத்தின் பேரில், 2006 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் எல்லாரும் காலணியைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில்தான் அந்த விதி போனது. அதே 2006-இன் ஆகஸ்டில், பானப் புட்டிகளில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிரிட்டனில் பிடிபட்டது. அதிலிருந்து வந்ததுதான், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டி கூடாது என்ற விதி. சதியைப் பிடித்ததோ போலீஸின் பொறுமையான கண்காணிப்பு. விமான நிலைய வரிசைக்கு அதில் பங்கே இல்லை.

பறித்த புட்டிகளை என்ன செய்கிறார்கள் என்று அடுத்த முறை கவனியுங்கள். வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி இருக்கும். அதில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போடுவார்கள். வெடிக்கும் என்று மெய்யாகவே நினைக்கிற பொருளை, அத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அப்படி வீசுவார்களா? அது வெறும் தண்ணீர் என்று பறிப்பவருக்கும் தெரியும், கொடுப்பவருக்கும் தெரியும்.

2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதல்களுக்குப் பிறகு விமானப் பயணத்தைப் பத்திரமாக்கியவை இரண்டுதான் என்பது ஷ்னையரின் வாதம்: விமானி அறைக் கதவை உறுதியாக்கியது ஒன்று, ஏதாவது நடந்தால் பயணிகள் இனிச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கும் அது சரியாகவே படுகிறது. கதவு பலமாக இருந்தால் வருகிறவன் கையில் கத்தியா கத்தரிக்கோலா என்பது அவ்வளவு முக்கியமில்லை. குறிப்பிட்ட ஒரு தந்திரத்தை மட்டும் அடைத்தால் அடுத்தவன் வேறொரு தந்திரத்தோடு வருவான்.

சோதிக்காமலே நம்புவது

இந்தத் தவறுக்கு ஏடிஇ 651 என்ற கருவியை மிஞ்சிய சாட்சி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் இப்படியும் அப்படியும் ஆடும் ஓர் ஆன்டெனா கம்பி. பேட்டரி இல்லை. உள்ளே மின்னணுச் சமாச்சாரமும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், வெடிகுண்டு இருக்கும் பக்கம் கம்பி திரும்பும் என்று சொல்லி ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வணிகர் அதை விற்றார். கோல்ஃப் பந்தைக் கண்டுபிடிக்கும் என்று விற்கப்பட்ட ஒரு வேடிக்கைப் பொருள்தான் அதன் மூலம். ஈராக் அரசு கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, சாலைச் சோதனைச் சாவடிகளில் சிப்பாய்களின் கையில் கொடுத்தது. குண்டு வண்டிகள் அந்தச் சாவடிகளைத் தாண்டிப் போயின. ஆட்கள் செத்தார்கள்.

கம்பி ஏன் ஆடியது? பிடித்திருப்பவரின் மணிக்கட்டு, அவருக்கே தெரியாமல் லேசாகச் சாய்கிறது. எந்த வண்டி மேல் சந்தேகமோ அந்தப் பக்கம் கம்பி போகிறது. கருவி 'வேலை செய்வதை' அவர் கண்ணாலேயே பார்க்கிறார். அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பார்? 2010 ஜனவரியில் பிரிட்டன் அதை ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. 2013-இல் மெக்கார்மிக்குக்குப் பத்து ஆண்டுச் சிறை. அதற்குப் பிறகும் பாக்தாத் சாவடிகளில் கம்பி ஆடிக்கொண்டேதான் இருந்தது. 2016 ஜூலையில் கராதா பகுதியில் பெரும் குண்டுவெடிப்பு நடந்த பிறகே, அதைக் கைவிடும்படி ஈராக் பிரதமர் உத்தரவிட்டார்.

இதை முதல் நாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம். பத்துப் பெட்டிகளை அடுக்கி, ஒன்றில் மட்டும் வெடிமருந்தை வைத்து, எதில் இருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் கருவியைக் கொடுத்திருந்தால் போதும். ஒரு பிற்பகல் வேலை.

கருவி நிஜமாக இருந்தாலும் சோதனை வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்களே பயணிகள் போல வேடமிட்டுப் போலி வெடிபொருளும் ஆயுதங்களும் கொண்டுபோய்ப் பார்த்த விவரம் 2015-இல் வெளியானது. 70 முயற்சிகளில் 67 முறை மாட்டாமல் உள்ளே போய்விட்டார்கள். எக்ஸ்ரே எந்திரம், சீருடை, நீண்ட வரிசை என்று எதற்கும் அங்கே குறைவில்லை.

நம் அளவில் இதைச் செய்வது சுலபம். கேமரா மாட்டியிருக்கிறீர்களா? நேற்று மாலை ஆறு மணிப் பதிவை எடுத்துப் பாருங்கள். பதிவே இல்லாமல் இருக்கலாம், நாள் தவறாக இருக்கலாம், லென்ஸில் சிலந்தி வலை கட்டியிருக்கலாம். முகம் தெரியாமல் உச்சந்தலை மட்டும் தெரியும் கோணத்தில் மாட்டியிருப்பதும் உண்டு. முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்திருந்தால், அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்துவிடுங்கள்.

நல்லவரைப் படுத்தினால் அவரே ஓட்டை போடுவார்

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியை அனுபவிக்காதவர் இருக்க முடியாது. மனிதர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? முதல் எழுத்தைப் பெரிதாக்குவார்கள், கடைசியில் 1 போட்டு ஆச்சரியக்குறி வைப்பார்கள். மூன்று மாதம் கழித்து 1 போய் 2 வரும். அதுவும் மறந்துபோகும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகுவார்கள். விதி போட்டவருக்குத் திருப்தி, கடவுச்சொல்லை உடைக்க வருகிறவனுக்கு அதைவிடத் திருப்தி.

2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். ஒருவரின் பழைய கடவுச்சொல் தெரிந்தால், அவருடைய புதிய கடவுச்சொல்லைக் கணினி வைத்து மூன்றே நொடிக்குள் கண்டுபிடிக்க முடிந்தது, 41 சதவீத முறை. எண்ணைக் கூட்டுவது, குறியை முன்னும் பின்னும் நகர்த்துவது என்று எல்லாரும் ஒரே மாதிரி மாற்றுகிறார்கள். இப்படிப்பட்ட விதிகளுக்கு மூலமாக இருந்த அமெரிக்கத் தர நிறுவனத்தின் 2003 ஆவணத்தை எழுதிய பில் பர், தான் சொன்னதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017-இல் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் தன் வழிகாட்டுதலைத் திருப்பிப் போட்டது: குறியைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கசிந்தது என்று தெரிந்தால் ஒழியக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக இருக்க விடுங்கள். 2019-இல் மைக்ரோசாஃப்டும் விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து கடவுச்சொல் காலாவதியை எடுத்துவிட்டது. பழைய விதியைப் பிடித்துத் தொங்கும் அலுவலகங்கள் இன்னும் ஏராளம்.

தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவுக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செருகியவர் திருடனின் கூட்டாளி இல்லை. ஒரு நாளில் நாற்பது தடவை உள்ளே வெளியே போகிற, கதவைத் திறக்க அடையாள அட்டையைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன ஊழியர். அவரைக் கண்டித்துச் சுற்றறிக்கை விடுவதால் ஒன்றும் ஆகாது. அந்தக் கதவு அங்கே தேவைதானா என்று பார்க்க வேண்டும்.

முன்னால் பெரிய பூட்டு, பின்னால் திறந்த சன்னல்

கனத்த பூட்டு ஒன்று வாங்கி மாட்டுவார்கள். நாதாங்கியின் நான்கு ஸ்க்ரூவும் வெளியே பார்த்தபடி இருக்கும். பூட்டை யாரும் தொடவே வேண்டாம், ஒரு திருப்புளி போதும், இரண்டு நிமிடத்தில் நாதாங்கியே பூட்டோடு கையில் வந்துவிடும். எண் பலகை வைத்த கதவிலும் இதே கதைதான். நாலிலக்க எண் என்றால் 10,000 வாய்ப்பு என்று நிம்மதியாக இருப்போம். வருடக்கணக்கில் மாற்றாத பலகையில் நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளக்கும். எந்த நான்கு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் 24 வாய்ப்புதான்.

இணையக் கணக்கின் பின்சன்னல், கடவுச்சொல் மறந்துவிட்டால் வரும் ரகசியக் கேள்வி. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் நுழைந்தார். பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் ஆகிய மூன்றும் பொதுவெளியில் கிடந்தன. கூகுள் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் பேசுபவர்களிடம் 'பிடித்த உணவு எது' என்ற கேள்விக்கான விடையை ஒரே ஊகத்தில் சரியாகச் சொல்ல 19.7 சதவீத வாய்ப்பு இருந்தது. சரி, பொய் சொல்லித் தப்பிக்கலாமே என்றால், பொய்யையும் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்களாம். கேட்டே தீர்வேன் என்று அடம்பிடிக்கும் தளங்களில், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத நீண்ட ஒரு எழுத்துச் சரத்தைப் போட்டு, கடவுச்சொல் மேலாளரில் (கடவுச்சொற்களைப் பத்திரமாக வைக்கும் செயலி) சேமித்துக்கொள்ளுங்கள்.

கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அதே மின்னஞ்சலின் கடைசி வரியில் கடவுச்சொல்லையும் எழுதி அனுப்புகிற வழக்கத்தைப் பற்றி என்ன சொல்ல! வேறு வழியாக, குறுஞ்செய்தியிலோ அழைப்பிலோ சொல்லுங்கள். முடியாதென்றால் பூட்டாமலே அனுப்பலாம், இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

வெளியே போகும் வழியை அடைப்பது

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை வீண் செலவு, எரிச்சல், சில நேரம் திருட்டு. இதுவோ, ஏடிஇ 651 போலவே, உயிரை வாங்கும். நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், தொழிலாளர்கள் எதையும் எடுத்துப் போய்விடக் கூடாது என்று ஒரு வாசலைப் பூட்டி, மற்ற வாசலில் பையைச் சோதித்து அனுப்புவது வழக்கம். 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்தபோது அந்தக் கதவு பூட்டியே இருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். இன்றைக்கும் அவசர வழிக்குச் சங்கிலி போட்டு, சாவி யாரிடம் என்றே தெரியாத கட்டடங்கள் உண்டு. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும், திறந்தால் மணி அடிக்கும் கதவுகள் கடையில் கிடைக்கின்றன. சன்னல் கம்பிகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பார்வைக்கு மட்டும் இருக்கும் காவல் எல்லாமே வீண் இல்லை. 1982-இல் சிகாகோவில் வலி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். பிரித்தால் தெரிந்துவிடும் உறைகள் அதன்பின் வந்தன. ஊசி போட்டு உள்ளே செலுத்தத் துணிந்தவனை அந்த உறை தடுக்காது. ஆனாலும் மூடி திறந்திருக்கிறதா என்று வாங்குபவர் தானே பார்த்துக்கொள்ள முடிந்தது, மாத்திரை மேல் பயமும் தணிந்தது. யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை, செலவும் அதிகமில்லை. அந்த அளவில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கண்துடைப்பு விதிகள் ஒழியாமல் இருப்பதற்குக் காரணம் எளிது. ஒரு விதியைச் சேர்த்தவரை யாரும் திட்டமாட்டார்கள். எடுத்தவருக்கு, அடுத்த வாரம் எது நடந்தாலும் அது அவர் தலையில்தான் விடியும். அதனால்தான் காலணி விதி பத்தொன்பது ஆண்டு ஓடியது. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்புச் சங்கத்திலோ புதிதாக ஒரு காவல் ஏற்பாடு வரும்போது, தீர்மானத்திலேயே மூன்று வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: இது எந்த ஆபத்துக்காக, வேலை செய்கிறதா என்று யார் சோதிப்பார், எந்தத் தேதிக்குள் சோதிக்காவிட்டால் தானாக ரத்தாகும். மூன்றாவது வரியைத்தான் கூட்டத்தில் எதிர்ப்பார்கள், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.