மொட்டை மாடியில் வெட்டிவேர்: சாக்கில் நட்டு முழு வேராக எடுக்க

வெட்டிவேர் நம் ஊரின் பல்லாண்டுப் புல். ஆற்றோரம், ஏரிக்கரை என்று ஈரம் தங்கும் இடங்களில் தானாகவே தூர் கட்டி நிற்கும். உலகம் முழுக்க அதற்கு வழங்குகிற பெயரும் தமிழிலிருந்து போனதுதான். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் பயிராகவே வைக்கிறார்கள். சென்னையில் திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணற்பாங்கான இடங்களில் நேரே தரையில் நடலாம். மேற்கு மாம்பலம், பெரம்பூர்க் களிமண்ணிலும் புல் செழிப்பாக வரும்; ஆனால் தோண்டும்போது பாதி வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அங்கே இருப்பவர்களுக்கும் மாடிக்காரர்களுக்கும் சாக்குதான் சரி.

நாட்டு மருந்துக் கடை வேரை வாங்கி நட்டால் முளைக்காது. முளைப்பு வேரில் இல்லை, வேருக்கு மேலே உள்ள தூரில் இருக்கிறது. நர்சரியில் தூரோடு கேளுங்கள். வாங்கும் முன் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்: எலுமிச்சை வாசம் வந்தால் அது எலுமிச்சைப்புல். வெட்டிவேர் இலையில் அப்படி எந்த மணமும் இராது.

ஒரு சிமென்ட் சாக்குக்கு மூன்று நாற்று போதும். சாக்கை நன்றாகக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுங்கள். நம் வெயிலில் பிளாஸ்டிக் சாக்கு ஓர் ஆண்டுக்குள் நார் நாராக உதிர ஆரம்பிக்கும். வேர் முற்றவோ அதற்கு மேலும் சில மாதம் ஆகும். அடியில் ஆறேழு ஓட்டை. மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஈரத்தோடு ஒரு சாக்கு 50 கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் இடம் பார்த்துச் செங்கல் மேல் வையுங்கள்.

ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். தூரை இரண்டு மூன்று சிம்பாக, அதாவது வேரோடு கூடிய தனித்தனித் தண்டாகப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கும் வேரை 5 செ.மீ. நீளத்துக்கும் நறுக்குங்கள். இலையை நறுக்காமல் நட்டால், வேர் இன்னும் நீர் உறிஞ்சத் தொடங்காத நேரத்தில் இலை வழியே ஈரம் போய்ச் சிம்பு காய்ந்துவிடும். குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். முதல் மாதம் தினமும் தண்ணீர் வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அந்த ஒரு மாதம் மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வளர்ந்த புல் ஓரளவு உப்பைத் தாங்கும், இளஞ்சிம்பு தாங்காது.

பிறகு பெரிய வேலை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கச் சிம்பு நிறைய வெடிக்கும். இலையின் ஓரம் கையை அறுக்கும், கையுறை அவசியம். நிழல் மட்டும் ஆகவே ஆகாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்த சாக்கில் புல் மெலிந்து வளரும், வேரும் இராது. புல் பச்சையாக இல்லையே என்று யூரியா போடுகிறவர்கள் உண்டு. அது இலையைத்தான் கொழுக்க வைக்கும். நமக்கு வேண்டியதோ வேர்.

ஓர் ஆண்டுக்குள் அவசரப்பட்டு எடுத்தால் வேர் மெல்லியதாக, மணம் குறைந்து இருக்கும். பதினைந்து முதல் பதினெட்டு மாதம் பொறுங்கள். ஆடியில் நட்டது அடுத்த தைக்கு அடுத்த தையில் தயாராகும், மழையும் ஓய்ந்திருக்கும். தார்ப்பாய் விரித்துச் சாக்கைப் படுக்க வைத்து நீளவாக்கில் கிழியுங்கள். ஹோஸ் தண்ணீரை மெதுவாக அடித்தால் மணல் கரைந்து போய், சடை பிரித்தது போல முழு வேரும் வெளியே வரும். சாக்கின் அடியில் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடப்பதையும் விடாதீர்கள், அதுவும் நல்ல வேர்தான். தூரைத் தனியே வெட்டி, சிம்பாகப் பிரித்து, காயவிடாமல் அன்றைக்கே அடுத்த சாக்கில் நடுங்கள்.

வேரை நிழலில் நான்கைந்து நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் மணம் தரும் எண்ணெய் ஆவியாகிவிடும். முறித்தால் பட்டென்று ஒடியும் பதம் வந்ததும் துணிப்பையில் கட்டி வைக்கலாம். சித்திரை வெயிலுக்கு ஒரு கைப்பிடி வேரை அலசிச் சுருட்டி, நூலால் கட்டி மண்பானைத் தண்ணீரில் போடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துக் காயவைத்தால் அதே கட்டை மறுபடியும் போடலாம்.